பட்டாளத்தில் ஆபீசர் ஆவது எப்படி? கல்யாண மண்டபத்தில் என்னை நிறுத்திக் கேட்கும் கேள்விகள்

கோபி பக்கம் எனக்குச் சொந்த ஊர். பத்து வருஷம் ராணுவத்தில் ஷார்ட் சர்வீஸ் (குறுகிய காலப் பணி) அதிகாரியாக இருந்துவிட்டு, மேஜராக வெளியே வந்து இப்போது மஞ்சளும் வாழையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊருக்குள் எந்த விசேஷத்துக்குப் போனாலும், பந்தியில் உட்காருவதற்குள் யாராவது ஒருவர் பையனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். கேள்வி அதே கேள்விதான். பாதிப் பேர் கேட்கிறபோது வயசு வரம்பு தாண்டிவிட்டிருக்கும், அதுதான் வருத்தமாக இருக்கிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே.

ஏனுங்க, ஆர்மில சேர்றதுன்னா கோயமுத்தூர்ல ஓட வெச்சு ஆளெடுப்பாங்களே, அதுதானுங்களே?

இல்லைங்க. அது அக்னிவீர் தேர்வு. அதில் முதலில் ஆன்லைன் பரீட்சை, அப்புறம் ஓட்டம், மெடிக்கல். படைவீரராகச் சேர்ந்து நான்கு வருஷம் பணி, அதன் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்கள். மதிப்பான வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதிகாரி ஆவதற்கான வாசல் வேறு. அதற்குத் தனிப் பரீட்சை, தனி நேர்காணல், தனி அகாடமி உண்டு. பயிற்சி முடித்து வெளியே வரும்போதே லெப்டினன்ட் ஆகத்தான் வருவார்கள். "முதலில் சிப்பாயாச் சேரட்டும், அப்புறம் பிரமோஷன்ல ஆபீசர் ஆயிக்கலாம்" என்று நினைத்துப் பையனை ஓட விடுகிறவர்கள் இங்கே நிறைய. அப்படி ஒரு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன், ஆனால் சுற்று வழி.

பையன் பன்னெண்டாவது படிக்கறான். இப்பவே ஏதாச்சும் பண்ணோணுமா, டிகிரி முடிச்சுட்டுப் பாத்துக்கலாமா?

இப்பவே. என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) என்கிற தேர்வை யு.பி.எஸ்.சி. வருஷத்துக்கு இரண்டு தடவை நடத்துகிறது, வழக்கமாக ஏப்ரலில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். வயது 16½-லிருந்து 19½ வரை. எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் நடுவில் பிறந்திருக்க வேண்டும் என்று அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள், ஒரு நாள் பிசகினாலும் தள்ளுபடிதான். இந்த வயசுக்குள் கணக்குப் போட்டால் ஒரு பையனுக்கு நாலைந்து வாய்ப்பு கிடைக்கும். நம் ஊரில் யாரும் அத்தனையையும் எழுதுவதில்லை, ஒன்று எழுதிவிட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் போய்விடுகிறார்கள்.

கணக்குக்கு 300 மதிப்பெண், பொது அறிவும் ஆங்கிலமும் சேர்ந்த தாளுக்கு 600. தப்பான பதிலுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். கட்-ஆஃப் சில வருஷமாக 900-க்கு 300-ஐ ஒட்டித்தான் இருக்கிறது, ஆகாயத்தில் இல்லை. தேறினால் எஸ்.எஸ்.பி. நேர்காணல் (ஐந்து நாள் நடக்கும் தேர்வு, பின்னால் சொல்கிறேன்), அதற்கு இன்னொரு 900. அதற்கப்புறம் புனே பக்கம் கடக்வாஸ்லாவில் மூன்று வருஷம் (டிகிரியும் அங்கேயே கிடைத்துவிடும்), பிறகு ஒரு வருஷம் தரைப்படைக்கு டேராடூன், கடற்படைக்குக் கேரளாவில் எழிமலை, விமானப்படைக்கு ஐதராபாத் பக்கம் துண்டிகல். படிப்புச் செலவு அரசாங்கத்துடையது.

இன்னொரு வழி டெக்னிக்கல் என்ட்ரி. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கில் சேர்த்து 60 சதவீதமும், ஜே.இ.இ. மெயின் எழுதியிருப்பதும் போதும், எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே எஸ்.எஸ்.பி.க்குக் கூப்பிடுவார்கள். இன்ஜினியரிங் பட்டத்தோடு அதிகாரியாக வரலாம். பையன்களுக்கு மட்டும். கடற்படையிலும் இதே மாதிரி பி.டெக். நுழைவு இருக்கிறது, அதற்கு 70 சதவீதம் கேட்பார்கள்.

அவன் எடுத்தது காமர்ஸ் குரூப்புங்க. போச்சா?

போகவில்லை. என்.டி.ஏ.வில் தரைப்படைக்கு எந்தக் குரூப்பாக இருந்தாலும் சரி. கடற்படைக்கும் விமானப்படைக்கும்தான் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு கட்டாயம். ஆனால் பரீட்சையில் கணக்குத் தாள் எல்லோருக்கும் உண்டு, அதைத் தனியாகப் படித்தாக வேண்டும். அது ஆகாது என்றால் டிகிரிக்கு அப்புறம் கணக்கே இல்லாத வழி ஒன்று இருக்கிறது, அடுத்த பதிலைப் பாருங்கள்.

டிகிரி முடிச்சு ரெண்டு வருசமாச்சுங்ண்ணா. இனி என்ன வழி?

நிறைய இருக்கிறது, ஆளுக்கு ஆள் வேறு. யாருக்கும் பொது வழி சி.டி.எஸ். தேர்வு, இதையும் யு.பி.எஸ்.சி.தான் வருஷத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. இதில் டேராடூன் அகாடமிக்கு ஆங்கிலம், பொது அறிவு, கணக்கு என மூன்று தாள். சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ.வுக்கு ஆங்கிலமும் பொது அறிவும் மட்டும், கணக்கு கிடையாது. பி.காம்., பி.ஏ. படித்தவர்களுக்கு இது பெரிய வசதி. வயது டேராடூனுக்கு 24 வரை, ஓ.டி.ஏ.வுக்கு 25 வரை. விமானப்படை தனியாக ஏ.எஃப்.கேட் என்ற நுழைவுத் தேர்வை நடத்துகிறது, பறக்கும் பிரிவுக்கு 24, தரைப் பணிக்கு 26. பறக்கும் பிரிவுக்குப் பன்னிரண்டாவதில் பிசிக்ஸும் கணக்கும் இருந்திருக்க வேண்டும், அதோடு விமானி தகுதிச் சோதனை என்று ஒன்று வைப்பார்கள், அது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். சூலூர் மேலே தேஜஸ் போவதைப் பார்த்து ஆசைப்படும் பையன்கள் இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று போகிற இடம் அது அல்ல.

இன்ஜினியரிங் முடித்தவர்களுக்குத்தான் நான் கத்திக் கத்திச் சொல்வது. கோயமுத்தூர், ஈரோடு, நாமக்கல் என்று தடுக்கி விழுந்தால் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் இருக்கிற ஊர் நம்முடையது. டி.ஜி.சி. (டெக்னிக்கல் கிராஜுவேட் கோர்ஸ்), எஸ்.எஸ்.சி. (ஷார்ட் சர்வீஸ் கமிஷன்) டெக்னிக்கல் என்று இரண்டு நுழைவுகள் இருப்பது அந்தக் காலேஜ்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எழுத்துத் தேர்வு கிடையாது. இன்ஜினியரிங் மதிப்பெண்ணை வைத்துப் பிரித்து நேரே எஸ்.எஸ்.பி.க்கு அழைப்பு. வயது 20-லிருந்து 27. கடைசி வருஷம் படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம்.

சட்டம் படித்தவர்களுக்கு ராணுவத்தின் சட்டப் பிரிவான ஜே.ஏ.ஜி., டாக்டராக ஆசைப்பட்டால் நீட் வழியாகப் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி. அப்புறம் என்.சி.சி. காலேஜில் என்.சி.சி.யில் இருந்து 'சி' சர்டிபிகேட்டை குறைந்தது 'பி' கிரேடில் வாங்கி, டிகிரியில் 50 சதவீதம் எடுத்திருந்தால் பரீட்சையே இல்லாமல் எஸ்.எஸ்.பி. நான் உள்ளே போனது இந்த வாசலில்தான். ஞாயிற்றுக்கிழமை பரேடுக்குப் போனால் புரோட்டா கிடைக்கும் என்று சேர்ந்தவன், அந்தச் சர்டிபிகேட் இப்படி உதவும் என்று அப்போது தெரியாது.

எங்க அம்மிணி ஆசைப்படறா. பொம்பளப் புள்ளைங்கள எடுப்பாங்களா?

எடுப்பார்கள். பரங்கிமலை ஓ.டி.ஏ.வில் 1992-லிருந்தே பெண்கள் பயிற்சி எடுக்கிறார்கள். மேலே சொன்னதில் சி.டி.எஸ். வழியாக ஓ.டி.ஏ., ஏ.எஃப்.கேட், என்.சி.சி., சட்டம், எஸ்.எஸ்.சி. டெக்னிக்கல் எல்லாம் அவர்களுக்கும் உண்டு. 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு என்.டி.ஏ.வும் திறந்துவிட்டது. 2022-ல் சேர்ந்த முதல் பெண்கள் அணியில் 17 பேர் 2025 மே மாதம் கடக்வாஸ்லாவிலிருந்து தேர்ச்சி பெற்று வெளியே வந்தார்கள். பெண்களுக்கு என்.டி.ஏ. விண்ணப்பக் கட்டணமும் இல்லை. டி.ஜி.சி.யும், பன்னிரண்டாவதுக்கு அப்புறம் வரும் ராணுவ டெக்னிக்கல் என்ட்ரியும் இப்போதைக்கு ஆண்களுக்கு மட்டும்.

தமிழ் மீடியமுங்க. இங்கிலீசு பேச வராது. விட்டுறட்டுமா?

விடாதே. எழுத்துத் தேர்வும் எஸ்.எஸ்.பி.யும் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான், தமிழில் கிடையாது, அதை மழுப்ப முடியாது. ஆனால் அங்கே பார்ப்பது இலக்கணத்தை அல்ல. நானும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். முதல் தடவை குழு விவாதத்தில் வாயே திறக்கவில்லை, முதல் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஒரு வருஷம் தினமும் அரை மணி நேரம், தண்ணி பாய்ச்சும்போது வாய்க்கால் மேட்டில் நின்றுகொண்டு, அன்றைக்குப் படித்த செய்தியைச் சத்தமாக ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் எனக்குக் காத்துக் கருப்பு பிடித்துவிட்டது என்று எங்கள் அம்மாயியிடம் சொல்லி, கயிறு எல்லாம் கட்டினார்கள். கடைசியில் தேர்வானபோதும் நான் பேசியது தப்பும் தவறுமான ஆங்கிலம்தான். சொல்ல வந்தது எதிரில் இருப்பவருக்குப் புரிந்தது, அவ்வளவுதான் வேண்டும்.

அஞ்சு நாளு அடைச்சு வெச்சு சோதிக்கறாங்களாமே, அப்படி என்னதானுங்க பண்றாங்க?

அடைத்து வைப்பதெல்லாம் இல்லை, நல்ல சாப்பாடு. நம் பக்கத்துப் பையன்களுக்குப் பெங்களூரு வந்தால் அதிர்ஷ்டம், போபாலும் பிரயாக்ராஜும்கூட வரும். முதல் தடவை போகிறவர்களுக்கு ரயில் செலவைத் திருப்பிக் கொடுப்பார்கள், டிக்கெட்டைத் தொலைக்கக் கூடாது.

முதல் நாள் வடிகட்டல். புத்திக்கூர்மைக் கேள்விகள், அப்புறம் மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள், நான்கு நிமிஷத்தில் கதை எழுதி, அதைக் குழுவில் சொல்லி, எல்லோரும் சேர்ந்து ஒரு பொதுக் கதைக்கு வர வேண்டும். இங்கேயே பெரும்பாலானவர்கள் மத்தியானம் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். தங்கினவர்களுக்கு மறுநாள் உளவியல் சோதனை. பன்னிரண்டு படங்களுக்குக் கதை, அதில் கடைசிப் படம் வெற்றுத் திரை. பிறகு 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடியில் மனசில் பட்டதை எழுத வேண்டும். பிறகு 60 சூழ்நிலைகள், அரை மணி நேரம். அதன் பின் இரண்டு நாள் மைதானத்தில் குழுவாகத் தடை தாண்டுவது, பலகையும் கயிறும் பீப்பாயும் வைத்து ஆளைக் கடத்துவது, திட்டமிடுவது. நடுவில் ஒரு நாள் தனி நேர்காணல். ஐந்தாம் நாள் எல்லா அதிகாரிகளும் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் உள்ளே கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டு முடிவு சொல்வார்கள்.

இரண்டாவது, மூன்றாவது முறை நான் அந்த ஐந்தாம் நாள் வரை போய்த் திரும்பினேன். ஏன் என்று பின்னால் யோசித்தால் புரிகிறது. என் கதைகளில் எல்லாம் நாயகன் ஒரு ராணுவ அதிகாரி, ஆற்றில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றுவான், தீவிரவாதியைப் பிடிப்பான். எனக்கு நீச்சலே அரைகுறை. நாலாவது தடவை, போர்வெல் மோட்டார் எரிந்துபோனபோது பங்காளிகளிடம் பேசி முறை வைத்து மஞ்சளைக் காப்பாற்றியதை எழுதினேன், ஏனென்றால் அதை நிஜமாகச் செய்திருந்தேன். நேர்காணலில் அந்த அதிகாரி, உங்கள் வயலுக்கு ஏன் ஒரு போகத்துக்கு மட்டும் வாய்க்கால் தண்ணி வருகிறது என்று கேட்டார். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தின் 2 லட்சத்துச் சொச்சம் ஏக்கரையும் இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நெல்லுக்கும் மறு பாதிக்குப் புஞ்சைப் பயிருக்கும் மாற்றி மாற்றி விடுகிற கணக்கைப் பேப்பரில் படம் போட்டுச் சொன்னேன். கால் மணி நேரம் அதிலேயே போயிற்று. இதற்கு முந்தைய தடவை ஈரோடு மஞ்சள் விலை என்ன என்று ஒருவர் கேட்டு, மஞ்சள் விவசாயி மகனான நான் முழித்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கோச்சிங் சேர்த்தாத்தான் கெடைக்குமா?

எழுத்துத் தேர்வுக்கு, கணக்கு பலவீனம் என்றால், சேருங்கள். எஸ்.எஸ்.பி.க்கு என்று ஆயிரக்கணக்கில் கட்டிக் கதையை மனப்பாடம் பண்ணுவதைப் பற்றி என் அபிப்பிராயம் வேறு. நானே ஓர் இடத்தில் கட்டினேன். மேலே சொன்ன ஆற்றுக் குழந்தைக் கதை அங்கே கொடுத்ததுதான், என் குழுவில் இன்னும் இரண்டு பேர் அதே ஆற்றில் குதித்தார்கள். நடைமுறை எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு வாரம் போதும். மீதிக்கு ஊர் கபடி டீமையோ திருவிழா அன்னதானத்தையோ பொறுப்பெடுத்து நடத்திப் பார்ப்பதே மேல்.

ஆளு ஒருத்தரு இருக்காரு, பணம் குடுத்தா முடிச்சுத் தர்றேங்கறாரு. குடுக்கலாமுங்களா?

வேண்டாம். அதிகாரி தேர்வில் பணத்துக்கு வேலை இல்லை, வாங்குகிறவர் உங்களை ஏமாற்றுகிறார்.

கண்ணாடி போட்டிருக்கான், கையில பச்சை வேற குத்தியிருக்கான். மெடிக்கல்ல தூக்கிருவாங்களா?

கண்ணாடிக்காகவே தள்ள மாட்டார்கள், தரைப்படையில் ஓர் அளவு வரை அனுமதி உண்டு. விமானம் ஓட்டத்தான் கறார். ஆனால் என்.டி.ஏ. எழுதப் போகிற பையனுக்கு அவசரப்பட்டு லேசர் சிகிச்சை செய்துவிடாதீர்கள், அங்கே அது செல்லாது. பச்சை, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே உள்பக்கமும் புறங்கையிலும் இருந்தால் ஏற்பார்கள், வேறு இடத்தில் என்றால் சிக்கல். மார்பு முழுக்கத் தலைவர் படம் குத்திக்கொண்டு வந்த ஒரு தம்பியிடம் நான் என்ன சொல்ல.

நம் பையன்கள் மாட்டுவது பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான், அதிக எடை, காதில் அழுக்கு, சொத்தைப் பல், விரை நரம்புப் புடைப்பு. எஸ்.எஸ்.பி.க்குப் போகும் முன்பே ஒரு டாக்டரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளலாம். முதலில் தகுதி இல்லை என்று சொன்னாலும் மேல்முறையீட்டு மருத்துவக் குழு இருக்கிறது, 42 நாளுக்குள் அங்கே போக வேண்டும். பயந்து வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஸ்கூல்ல சேர்க்கறப்ப ஒரு வருசம் கூட்டிக் குடுத்துட்டோமுங்க. நெசமான வயசு கம்மி. அதைச் சொன்னா ஒத்துக்குவாங்களா?

மாட்டார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள தேதிதான் தேதி. ஜாதகத்தைக் கொண்டுபோனால் நடக்காது. இன்னொரு தொல்லை இனிஷியல். பத்தாவதில் 'க. முருகேசன்', ஆதாரில் 'முருகேசன் கந்தசாமி' என்று இருந்தால் கடைசி நேரத்தில் அலைய வேண்டி வரும், பையன் பதினொன்றாவது படிக்கும்போதே எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். கம்யூனிட்டி சர்டிபிகேட் பற்றியும் கேட்கிறார்கள். அதிகாரி தேர்வில் ஜாதி இட ஒதுக்கீடு கிடையாது, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்குக் கட்டண விலக்கு மட்டும் உண்டு.

சம்பளம் எவ்வளவு, பென்சன் உண்டா?

லெப்டினன்ட்டுக்கு அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், அதோடு ராணுவப் பணிக்கான 15,500, பிறகு பஞ்சப்படி, மற்ற படிகள். டேராடூனிலோ பரங்கிமலையிலோ பயிற்சியில் இருக்கும்போதே மாதம் 56,100 உதவித்தொகை. இரண்டு வருஷத்தில் கேப்டன், ஆறில் மேஜர், பதின்மூன்றில் லெப்டினன்ட் கர்னல்.

பென்ஷன் விஷயத்தில்தான் குழப்பம். நிரந்தர கமிஷனில் 20 வருஷம் முடித்தால் பென்ஷன். ஷார்ட் சர்வீஸ் என்பது பத்து வருஷம், வேண்டுமானால் இன்னும் நான்கு, அதற்குப் பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி உண்டு. எனக்கு வந்ததில் நாலு ஏக்கருக்குச் சொட்டுநீர் போட்டேன். பத்தாவது வருஷம் நிரந்தரத்துக்குக் கேட்கலாம், எல்லோருக்கும் கிடைக்காது. இதைச் சேரும்போதே தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

ஒரே பையனுங்க. தோட்டத்தை யாரு பாக்கறது? பொண்ணு யாரு குடுப்பா?

வருஷத்துக்கு 60 நாள் விடுப்பு, அதோடு 20 நாள் தற்செயல் விடுப்பு. பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிற உங்கள் அண்ணன் பையன் இத்தனை நாள் ஊரில் இருக்கிறானா என்று எண்ணிப் பாருங்கள். ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், எல்லையில் பணி என்றால் எல்லையில்தான், அம்மாவுக்கு உடம்பு முடியாத நேரத்தில் நான் காஷ்மீரில் இருந்தேன். இதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். பொண்ணு விஷயம், பயிற்சி முடியும் வரை கல்யாணமே கூடாது என்பது விதி. அதற்கப்புறம், ஒரு காலத்தில் "பட்டாளத்தானுக்கா?" என்று முகம் சுளித்த உறம்பரையே ஜாதகம் கொண்டுவந்தார்கள்.

அமராவதி நகர் சைனிக் ஸ்கூல்ல சேத்துட்டா நேரா ஆபீசருங்களா?

நேரே இல்லை. உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதி அணையடியில் 1962-லிருந்து இருக்கும் பள்ளி அது. நோக்கமே என்.டி.ஏ.வுக்குப் பிள்ளைகளைத் தயார் பண்ணுவது. ஆனாலும் அதே பரீட்சை, அதே எஸ்.எஸ்.பி., சலுகை கிடையாது. ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் தேசிய நுழைவுத் தேர்வு. ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், 67 சதவீத இடம் நம் மாநிலத்துக்கு. நாலாவது, அஞ்சாவது படிக்கிற குழந்தை வைத்திருப்பவர்கள் மட்டும் இதை யோசியுங்கள். பத்தாவது பையனைக் கூட்டிக்கொண்டு வந்து கேட்காதீர்கள்.

சேந்துட்டுப் புடிக்கலைன்னு நடுவுல ஓடியாந்தா?

பயிற்சியின்போது தானாக விலகினால், அதுவரை ஆன பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அடிபட்டு மருத்துவக் காரணத்தால் வெளியேறுவது வேறு கணக்கு. முதல் மூன்று மாதம் எல்லோருக்கும் ஓடிவிடலாம் என்றுதான் இருக்கும், எனக்கு வாராவாரம் இருந்தது.

பையன் சிப்பாயாச் சேந்துட்டான். இனி ஆபீசராக வழியே இல்லியா?

முதல் கேள்வியில் சுற்று வழி என்றேனே, அது இதுதான். நிரந்தரப் படைவீரர்கள், பன்னிரண்டாவது முடித்திருந்தால், ஆர்மி கேடட் காலேஜ் நுழைவுக்கு முயலலாம். டேராடூனிலேயே டிகிரி படிக்க வைத்து, பிறகு அகாடமியில் சேர்ப்பார்கள். எஸ்.எஸ்.பி. அவர்களுக்கும் அதேதான். என்னோடு வேலை பார்த்த மிகச் சிறந்த அதிகாரிகளில் இரண்டு பேர் இப்படி வந்தவர்கள். ஜவான்கள் அவர்களை ஏமாற்றவே முடியாது, எல்லாத் தில்லுமுல்லும் அவர்கள் செய்து பார்த்தது.

எனக்கே 31 ஆச்சுங்க மாப்ள, பனியன் கம்பெனி வெச்சிருக்கேன். எனக்கு ஒண்ணுமே இல்லியா?

இருக்கிறது, டெரிட்டோரியல் ஆர்மி. வயது 18-லிருந்து 42, டிகிரி வேண்டும், சொந்தமாக வருமானம் தரும் தொழிலோ வேலையோ இருக்க வேண்டும். இருக்கக் கூடாது என்று இல்லை, இருந்தே ஆக வேண்டும், அதுதான் இதன் விசேஷம். எழுத்துத் தேர்வு, நேர்காணல், அப்புறம் மேலே சொன்ன அதே எஸ்.எஸ்.பி., அதே மெடிக்கல். தேர்வானால் தொழிலை நடத்திக்கொண்டே வருஷத்தில் இரண்டு மாதம் போலச் சீருடையில் பயிற்சி, கூப்பிட்டால் போக வேண்டும். கோயமுத்தூரிலேயே ஒரு டெரிட்டோரியல் பட்டாலியன் இருக்கிறது. இதைக் கேட்ட மாப்பிள்ளைக்கு இப்போது தொப்பை 40 அங்குலம், காலையில் காலேஜ் கிரவுண்டில் நடக்க ஆரம்பித்திருப்பதாகக் கேள்வி.